கொள்கை மாறிய நாடகாசிரியர்

பொது வாழ்வில் ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அவர் பத்து வருஷங்களுக்கு முன் பேசியதையும் இன்று பேசுவதையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டால் போதும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால், "பார்த்தீர்களா, சந்தர்ப்பவாதி!" என்று தீர்ப்புக் கூறிவிடலாம். மேற்கொண்டு விசாரணை தேவையில்லை. ஆனால் அபிப்பிராயம் மாறுவது ஒன்று. மனிதன் மாறுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய விரும்புகிறவர்கள் ராபர்ட் ஷெர்வுட் என்னும் அமெரிக்க நாடகாசிரியரின் வாழ்க்கையைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

இவர் சாமானியர் அல்ல. அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்கு அளிக்கப்படும் புலிட்ஸர் பரிசை நான்கு தடவை பெற்றவர். மூன்று தடவை நாடகங்களுக்காக. ஒரு தடவை வாழ்க்கை வரலாற்று நூலுக்காக. சினிமாக் கதை எழுதி ஆஸ்கார் விருதும் வாங்கினார். போதாக்குறைக்கு, பிரஸிடெண்ட் ரூஸ்வெல்ட்டின் பிரசங்கங்களைத் தயாரிப்பதிலும் இவர் கை இருந்தது.

ஷெர்வுட் 1896-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள நியூ ரோஷெல் நகரில் பிறந்தார். இவருடைய முழுப் பெயர் ராபர்ட் எம்மெட் ஷெர்வுட். அயர்லாந்தின் விடுதலைக்காகக் கிளர்ச்சி செய்து, 1803-ல் டப்ளின் நகரில் தூக்கிலிடப்பட்ட ராபர்ட் எம்மெட்டின் பெயரே இவருக்கு இடப்பட்டது. அந்தத் தியாகியின் தமையனார் அமெரிக்காவில் குடியேறினார். அவருடைய சந்ததியில் வந்தவர் ஷெர்வுடின் தாயார். அந்த அம்மாள் பெயர் பெற்ற சித்திரக்காரி.

1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியபோது ஷெர்வுட் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்தார். உடனே பட்டாளத்தில் சேரப் புறப்பட்டார். ஆனால் ஆசாமி ஆறரை அடிக்கு மேல் உயரம். உயரத்துக்குத் தக்க பருமனோ கிடையாது. அமெரிக்க ராணுவத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சளைக்கவில்லை. கானடா தேசத்துப் படையில், ஸ்காட்லாந்துக்காரர்களைப் போல் பாவாடை தரிக்கும் 'பிளாக் வாட்ச்' பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த நெட்டை மனிதர் பாவாடையுடன் அணிவகுத்து நின்ற காட்சியை வாசகர்கள் மனக்கண்ணால் பார்த்துக் கொள்ளலாம். பிரான்ஸ் தேசத்துப் போர்முனையிலோ சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1918-ல் விமி என்னும் இடத்தில் விஷப் புகைக்கு இலக்கானார். பிறகு கால்களிலும் காயம் பட்டது. உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர், யுத்தம் என்பது மனித குலத்தின் பெரும் பைத்தியக்காரத்தனம் என்ற முடிவுடன் திரும்பினார்.

ஊருக்கு வந்து 'வானிடி ஃபேர்' என்னும் பத்திரிகையில் அமர்ந்தார். டாரதி பார்க்கர், ராபர்ட் பெஞ்ச்லி ஆகிய நகைச்சுவை எழுத்தாளர்கள் அங்கே அவருக்குச் சகாக்கள். 1920-ஆம் வருஷத் தொடக்கத்தில் நிர்வாகத்துடன் மனஸ்தாபம் உண்டாகி மூவரும் வெளியேறினார்கள். பின்னர் 'லைஃப்' என்னும் ஹாஸ்யப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதினார். பேசாத படங்கள் ஓடிய அந்தக் காலத்தில், சினிமாவை ஒரு கலையாக மதித்து விமர்சனம் எழுதியவர்கள் வெகு சிலரே. ஷெர்வுட் அவர்களில் ஒருவர்.

1927-ல் அவருடைய முதல் வெற்றி நாடகமான 'தி ரோட் டு ரோம்' அரங்கேறியது. ரோமாபுரியின் வாசல் வரையில் வந்த ஹானிபால், பட்டணத்தைப் பிடிக்காமல் ஏன் திரும்பிப் போனான்? சரித்திர ஆசிரியர்கள் இதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். ஷெர்வுட் சொன்ன காரணம் வேறு: ஒரு பெண் அவனிடம், "எதற்காக இவ்வளவு பேரைக் கொல்லுகிறாய்?" என்று கேட்கிறாள், அவனால் பதில் சொல்ல முடியவில்லை! சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட இந்த நாடகம் ஏறக்குறைய 400 தடவை நடிக்கப்பட்டது.

1936-ல் வெளிவந்த 'இடியட்ஸ் டிலைட்' நாடகத்தில் சிரிப்புடன் கசப்பும் கலந்தது. ஆல்ப்ஸ் மலைமேல், இத்தாலியின் எல்லைப்புறத்தில் ஒரு ஹோட்டல். அங்கே ஆட்டக்காரிகளுடன் ஊர் சுற்றும் ஓர் அமெரிக்கன், புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஜெர்மானிய டாக்டர், சமாதானம் பேசும் பிரெஞ்சுக்காரன், ஆயுத வியாபாரி எல்லோரும் கூடியிருக்கிறார்கள். யுத்தம் மூளுகிறது. உடனே டாக்டர் ஆராய்ச்சியை விட்டுத் தம் தேசத்துக்குத் திரும்பப் பார்க்கிறார். சமாதானம் பேசியவன் தேசாபிமானத்தால் கொதித்தெழுந்து வீண் சாவு சாகிறான். வியாபாரிக்கு மட்டும் நஷ்டமில்லை. உண்மையான யுத்தம் மூன்றரை வருஷம் கழித்துத்தான் வந்தது! இந்த நாடகத்துக்கு முதல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. 1939-ல் இதைப் படமாக எடுத்தபோது, இத்தாலிக்குக் கோபம் வரக்கூடாதே என்று ஹாலிவுட்டார் தேசத்தின் பெயரையே மறைத்து, அந்நாட்டாரை எஸ்பெரான்டோ என்னும் செயற்கைப் பாஷையில் பேசவைத்தார்கள். மேடைக்கு இருந்த தைரியம் படக் கம்பெனிக்கு இருக்கவில்லை.

இப்படி யுத்தத்தை எதிர்த்து எழுதியவரின் மனத்தை ஹிட்லர் அசைத்துவிட்டான். 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக் ஒப்பந்தம் ஏற்பட்டு, செக்கோஸ்லோவேகியா துண்டாடப்பட்டது. இரண்டு வாரத்துக்குப் பின்னர் நியூயார்க்கில் ஷெர்வுடின் 'ஏப் லிங்கன் இன் இல்லினாய்' அரங்கேறியது. லிங்கன் வீராவேசம் கொண்டவராக அதில் வரவில்லை. சச்சரவை வெறுக்கிறவர், பொறுப்பை ஏற்கத் தயங்குகிறவர். அடிமை முறையைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்த பின்பே மனத்தைத் திடப்படுத்திக் கொள்கிறார். 1861-ல் அவர் வாஷிங்டனுக்கு ரயிலேறும் இடத்தில் நாடகம் முடிகிறது. ரயில் போகும் இடத்தில் உள்நாட்டு யுத்தம் காத்திருக்கிறது என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். லிங்கனுடைய தயக்கத்தில் ஷெர்வுட் தம்முடைய தயக்கத்தையே எழுதினார் என்று சொல்வதில் தவறில்லை.

1939 நவம்பர் இறுதியில் ருஷ்யா பின்லாந்தின்மீது படையெடுத்தது. அவ்வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் பின்லாந்துப் போர்முனையிலிருந்து ஒலிபரப்பான ரேடியோப் பேச்சு ஒன்றைக் கேட்டு ஷெர்வுட் உள்ளம் உருகினார். அதிலிருந்து பிறந்தது 'தேர் ஷால் பி நோ நைட்'. நோபல் பரிசு பெற்ற பின்லாந்து டாக்டர் ஒருவர், யுத்தம் வராது என்று நம்பியிருக்கிறார். வந்துவிடுகிறது. மகன் சாகிறான். மனித மூளையை ஆராய்ந்த அந்தக் கைகள் கடைசியில் துப்பாக்கியைப் பிடிக்கின்றன. 1940 ஏப்ரலில் இந்த நாடகம் மேடையேறியதும், "யுத்த வெறியைக் கிளப்புகிறார்" என்று இடதுசாரிகள் தாக்கினார்கள். ஷெர்வுட் அசையவில்லை. ஹிட்லரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று ஜூன் மாதத்தில் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரமே எழுதி வெளியிட்டார்.

இதுவரையில் அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அடுத்து நடந்தது சற்று உறுத்துகிறது. ருஷ்யா நேச தேசமாகிவிட்டது. 1943-ல் லண்டனில் அதே நாடகம் நடந்தபோது, கதை பின்லாந்திலிருந்து கிரீஸ் தேசத்துக்கு மாற்றப்பட்டது! பிள்ளையை இழந்த தகப்பனின் துயரம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் பின்லாந்துக்காரனின் கண்ணீர் ராஜதந்திரத்துக்கு இடைஞ்சலாகிவிட்டது என்பதை மறைக்க முடியாது. அப்போது ஷெர்வுட் சர்க்காரின் வெளிநாட்டுப் பிரசாரப் பகுதிக்குத் தலைமை வகித்து வந்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சர்க்கார் நாற்காலியில் அமர்ந்த எழுத்தாளன் ஏதோ ஒரு விலை கொடுத்தே தீருகிறான்.

அவர் அந்த நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இராது. யுத்தம் முடிந்ததும் பழையபடி பேனாவைக் கையில் எடுத்தார். ரூஸ்வெல்ட்டையும் அவருடைய அந்தரங்கத் துணைவர் ஹாரி ஹாப்கின்ஸையும் பற்றி 1948-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். நான்காவது புலிட்ஸர் பரிசு இதற்குத்தான். நம்மவர்கள் படிக்க வேண்டிய பகுதி ஒன்று இதில் இருக்கிறது. 1942 ஏப்ரலில் கிரிப்ஸ் தூது முறிந்தபோது, பேச்சைத் தொடரும்படி ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்குச் செய்தி அனுப்பினார். அதைக் கண்டு சர்ச்சில் எவ்வளவு சீறினார் என்பதையும், யுத்தம் முழுவதிலும் வேறெந்த யோசனைக்கும் அவருக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை என்று ஹாப்கின்ஸ் கருதியதையும் ஷெர்வுட் ஒளிக்காமல் எழுதிவிட்டார். ஜனநாயகத்துக்காக நடந்த யுத்தத்தில் இந்தியாவின் சுதந்திரம் எந்த இடத்தில் நின்றது என்பதற்கு இது ஒரு சாட்சியம். தூக்குமேடை ஏறிய அயர்லாந்துக்காரரின் பெயரைத் தாங்கியவர் இதை எழுதியது பொருத்தம்தான்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னதாக, 1946-ல், 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்ற படம் வெளிவந்தது. மக்கின்லே காண்டர் எழுதிய கதையைத் தழுவி ஷெர்வுட் எழுத, வில்லியம் வைலர் டைரக்ட் செய்தார். யுத்தத்திலிருந்து மூவர் ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒருவர் பாங்கு உத்தியோகஸ்தர். ஈடு காட்ட முடியாத பழைய சிப்பாய்க்குக் கடன் கொடுத்துவிட்டு மேலதிகாரிகளின் அதிருப்திக்கு ஆளாகிறார். இன்னொருவன் ஆகாய விமானத்திலிருந்து குண்டு வீசிப் பதக்கம் பெற்றவன். ஊரில் அவனுக்குக் கிடைப்பது பழைய கடை வேலைதான். மூன்றாமவன் இரண்டு கைகளையும் இழந்த மாலுமி. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹெரால்டு ரஸ்ஸல், ராணுவப் பயிற்சியின்போது நேர்ந்த வெடி விபத்தில் உண்மையாகவே இரு கைகளையும் பறிகொடுத்தவர். படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதில் போர்க்களக் காட்சி கிடையாது.

ஷெர்வுட் 1955 நவம்பரில் காலமானார். 1936-ல் யுத்தம் வேண்டாம் என்றார். 1940-ல் வேண்டும் என்றார். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறவர்கள் இந்தப் படத்தையும் மூன்றாவதாகச் சேர்த்து வைக்க வேண்டும். யுத்தம் தவிர்க்க முடியாதது என்று முரசு கொட்டியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். வெற்றி கிடைத்த மறு வருஷமே, அதற்கு விலை கொடுத்தவனின் வீட்டுக்குப் போய், அவன் சட்டைப் பொத்தானை எப்படிப் போட்டுக் கொள்கிறான், காதலியின் முகத்தை எப்படி நிமிர்ந்து பார்க்கிறான் என்று விசாரித்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? படத்தின் முடிவில் அந்த மாலுமிக்குக் கல்யாணம் நடக்கிறது. கைகளுக்குப் பதிலாக உள்ள இரும்புக் கொக்கிகளால், நடுங்காமல், மணப்பெண்ணின் விரலில் மோதிரத்தை அணிவிக்கிறான்.