ஜெம்பேவுக்கு மேடை, தப்பட்டைக்கு மயானமா?



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வாரமாக ஓடும் பேச்சைப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு கலை சொல்லிக்கொடுக்கப் பணம் திரட்டியிருக்கிறீர்கள், சந்தோஷம். கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவழைத்து ஜெம்பே என்ற ஆப்பிரிக்க மேளத்தை இரண்டு நாள் கற்றுத்தரலாம் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். நடுவில் ஒரு தம்பி, "அப்படியே நம்ம ஊர்த் தப்பட்டையையும் வைக்கலாமே" என்று எழுதினான். அதற்கு வந்த பதில்களால்தான் இதை எழுதுகிறேன். "பள்ளிக்கூடத்தில் சாவு மேளமா?" என்று கேட்டவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். ஒருவர் எனக்கு மாப்பிள்ளை முறை.

ஜெம்பே வரட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மரத்துண்டைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, கயிற்றால் இறுக்கிய மேளம். குச்சி வேண்டாம், வெறும் கை போதும். இருபது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் அடிக்கு ஒருவர் காது கொடுத்து அடிக்கும்போது, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகூட உள்ளே வந்துவிடும். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. பிள்ளைகளுக்கு இது தேவைதான்.

ஆனால் அந்த மேளம் கோயமுத்தூர் வரை எப்படி வந்தது? மாலி, கினி பக்கத்துக் கிராமங்களில் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் அடித்த மேளம் அது. ஃபொதேபா கெய்ட்டா என்ற கினிக்காரர் பாரிசில் ஓர் ஆட்டக்குழு தொடங்கினார். 1958-ல் கினி விடுதலை பெற்றதும் அந்த அரசு அதையே தன் தேசியக் குழுவாக்கி உலகமெங்கும் அனுப்பியது. தன் கிராமத்து மேளக்காரனை முதலில் அவர்களே மேடையேற்றினார்கள். நாம் அவர்கள் மேளத்தை மட்டும் இறக்குமதி செய்கிறோம். அந்தப் புத்தியையும் கொஞ்சம் இறக்குமதி செய்யலாம்.

நம் பக்கம் வள்ளிக்கும்மியைப் பாருங்கள். பெரியவர்கள் நினைவில் மட்டும் இருந்த ஆட்டத்தை இன்று ஊர் ஊராகச் சாயங்காலத்தில் சிறுமிகளும் பாட்டிகளும் சேர்ந்து கற்கிறார்கள். சேலை ஒரே நிறத்தில் எடுக்கிறார்கள், ஆசிரியரை வீடு தேடி அழைத்து வருகிறார்கள். 2024-ல் வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோயமுத்தூர் பத்ரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், நானும் வைத்தேன். மறு வருஷம், 2025-ல், அதே பத்மஸ்ரீ பறை இசைக்காக மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குக் கிடைத்தது. அன்றைக்கு எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள்? காரணம் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்துதான் சொல்லமாட்டோம்.

மாரியம்மன் கம்பத்தைச் சுற்றி விடிய விடிய ஆடுகிறோமே, அப்போது அது சாவு மேளமாகத் தெரியவில்லையா? மாட்டுத்தோல் தீட்டு என்றால் மிருதங்கத்தில் போர்த்தியிருப்பது என்ன தோல்? அதைச் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர்கள் தமிழ்ச் சங்க விழாவில் பறை அடித்த படத்துக்கு இதே குழுவில் கைதட்டல் மழை. கடல் தாண்டினால் பண்பாடு, காவிரிக் கரையில் என்றால் சாவு மேளம்!

"மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளே வேண்டாம் என்கிறார்களே" என்று ஒரு அம்மிணி கேட்டிருந்தாள். இதுதான் நியாயமான கேள்வி. என் வகுப்பில் ஒரு பையன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேஜையில் விரலால் தாளம் போடுவான். அவ்வளவு சுத்தமான தாளம். "யாருப்பா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டதும் இரண்டு கையையும் டிரவுசர் பைக்குள் விட்டுக்கொண்டான். அவன் அப்பா இழவு வீட்டில் அடிப்பவர். நடுராத்திரியில் ஆள் அனுப்பி, பெயரைச் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டால் போயாக வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் சுமத்திய வேலையை இனிச் செய்யமாட்டோம் என்று பல ஊர்களில் போராடி நிறுத்தியிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. நீங்களே தொடர்ந்து அடியுங்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு வாயில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் தாங்களாகவே பறையைக் கையில் எடுத்தார்கள். தானாக எடுப்பது வேறு, கூப்பிட்டு அடிக்கச் சொல்வது வேறு.

அதனால் நான் கேட்பது, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கற்கட்டும் என்பதுதான். நம் பேரன் பேத்திகள் ஓலைத் தீயில் தோலைக் காய்ச்சட்டும், அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் பிடிக்கக் கற்கட்டும். சொல்லித்தருகிறவரை 'சார்' என்று கூப்பிடட்டும், வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்கட்டும்.

செலவுக் கணக்கும் பார்த்தேன். ஜெம்பே பயிற்சிக்கு இரண்டு நாளுக்குப் பேசிய தொகையில், நம் பக்கத்து ஆசான் ஒருவரை வாரம் ஒருநாள் என்று பல மாதம் வரவழைக்கலாம். அதற்காகக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். கோயமுத்தூர்க்காரருக்கு மணிக்கு என்ன கொடுக்கிறோமோ அதே தொகை, அதே நாற்காலி, அதே டம்ளரில் காப்பி. மாலை போட்டால் இருவருக்கும் போடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயர் 'குழுவினர்' என்று போகக்கூடாது, முழுப்பெயராக அச்சாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். என் பங்குப் பணம் இதற்கு மட்டும்தான். எதிர்க்கிறவர்கள் நேரில் வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மாப்பிள்ளை, நீங்களும் வாங்க. தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் பதில் போடமாட்டேன்.