ஒரே மேசை, இரு அளவுகோல்

இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் தடை விதித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையின் பலநாட் கலங்கள் இந்து சமுத்திரத்தின் ஆழ்கடலிற் சட்டவிரோதமாக மீன் பிடிக்கின்றன, அரசு அதனைத் தடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. அது பொய்யன்று. சூரையும் வாள்மீனும் விற்போர் நட்டப்பட்டனர் என்பதற்காகத் தண்டனையைப் பிழையென்று கூறிவிடவும் இயலாது. 2016 யூனில் தடை நீங்கியது. விதித்ததும் நீக்கியதும் ஒன்றியத்தின் அமைச்சர் மன்றம்.

எமது கேள்வி வேறு. பிறருக்கு ஒழுங்கு போதிக்கும் அம்மன்றம் தனது கடலில் எவ்வாறு நடந்துகொள்கிறது?

தடை நீங்கி நான்கு மாதங்களின் பின், 2016 ஒக்டோபரில், விவசாய, கடற்றொழில் அமைச்சர்கள் லக்சம்பேர்க்கிற் கூடினர். ஜேர்மனிக்கும் டென்மார்க்கிற்கும் இடையிலான மேற்குப் பால்டிக் கடலில் கொட் மீன் அருகிவிட்டதென்று கொப்பன்ஹேகனைத் தளமாகக் கொண்ட சர்வதேச கடலாய்வு மன்றம் எச்சரித்திருந்தது. அடுத்த ஆண்டுக்கான பிடி அளவை 88 சதவீதத்தால் குறைக்குமாறு ஐரோப்பிய ஆணைக்குழு பிரேரித்தது. அமைச்சர்களோ பேரம் பேசி 56 சதவீதத்துடன் நிறுத்திக்கொண்டனர். 12,720 தொன் 5,597 தொன்னாயிற்று.

சிறுபடகை நம்பி வாழும் கரையோரக் குடும்பத்துக்கு அந்த 56 சதவீதமே பேரிடிதான். கடற்றொழிலாளர் மரபில் வந்த எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அமைச்சர்களை அசைப்பது இரக்கம் மட்டுமன்று. எந்த நாட்டுக்கு எத்தனை பங்கு என்பது 1983 இல் பொதுக் கடற்றொழிற் கொள்கை உருவானபோதே வகுக்கப்பட்டுவிட்டது. பங்கு மாறாதாகையால், தன் நாட்டுக்கு அதிகம் கொண்டுசெல்ல விரும்பும் அமைச்சர் மொத்த அளவையே உயர்த்தவேண்டும். ஒருவர் உயர்த்தினால் அனைவருக்கும் இலாபம். எதிர்த்து நிற்க எவருக்கும் காரணமில்லை. (கடலே இல்லாத ஒஸ்ரியாவும் ஹங்கேரியும் அங்கு வாக்குரிமையுடன் அமர்ந்திருப்பது தனி வேடிக்கை.) எல்லா மீனினங்களையும் 2020 க்குள் நிலைத்து நிற்கக்கூடிய அளவிலேயே பிடிக்கவேண்டுமென்று 2013 இல் தாமே இயற்றிய சட்டம் இவர்களது மேசையிற்றான் கிடந்தது.

விளைவு? 2022 முதல் அக்கடலில் கொட் மீனைக் குறிவைத்துப் பிடிப்பதே தடைசெய்யப்பட்டது. பிற மீனுடன் தற்செயலாக அகப்படுவதற்கென 489 தொன் மாத்திரம் ஒதுக்கப்பட்டது. கடல் வெப்பமடைதலும் காரணமென்பது உண்மையே. எனினும் நோயாளி நலிந்திருக்கும்போது மருந்தைப் பாதியாகக் குறைத்தவர் காலநிலையை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. காப்பாற்றப்படுவதாகச் சொல்லப்பட்ட அச்சிறு படகுகளே இறுதியிற் கரையேறின.

இப்பேரத்தில் யார் எவ்வளவு கேட்டார் என்பதும் மக்களுக்குத் தெரிவதில்லை. பிடி அளவு தொடர்பான ஆவணங்களை உரிய காலத்தில் வெளியிடாமை நிர்வாகச் சீர்கேடு என ஒன்றியத்தின் குறைகேள் அதிகாரி எமிலி ஓ'ரெய்லி 2020 இல் தீர்ப்புரைத்தார். இலங்கையிடம் கணக்குக் கேட்ட மன்றம் தன் கணக்கைக் காட்டத் தயங்கியது.

ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் எம்மவர் பலர் உளர். பால்டிக் கடலின் பிடி அளவு ஆண்டுதோறும் ஒக்டோபரில் தீர்மானிக்கப்படுகிறது. அதற்கு முன்னரே, தமது அமைச்சர் எத்தனை தொன் கேட்கப்போகிறார், விஞ்ஞானிகள் கூறியது எத்தனை என்று தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனை இவ்வாண்டே பயன்படுத்தவேண்டும்.