‘இது நீங்கள்தானா?’ என்று போன் கேட்டால்...

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சிதறால். ஊருக்கு மேலே திருச்சாரணத்து மலை. அங்கே சமணத் துறவிகள் தங்கிய குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, கோயிலுக்குப் பொன் அணிகலன் கொடுத்த ஒரு பெண் துறவியைப் பற்றிச் சொல்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. குணந்தாங்கி குரத்திகள் என்று பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இன்னார் என்று நிச்சயமாகத் தெரிய, கூடவே இன்னோர் அடையாளமும் வேண்டும்.

இன்று அலுவலக மென்பொருள் நம்மிடம் கேட்பதும் அந்த இன்னோர் அடையாளத்தைத்தான்.

அதே சிதறாலில், வீட்டிலிருந்தபடி பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை புது போன் வாங்கியாயிற்று. பழையதை எக்ஸ்சேஞ்சில் கடையிலேயே கொடுத்தாயிற்று. திங்கள் காலை 9 மணிக்கு மீட்டிங். பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டும், ‘இது புதிய சாதனம், சரிபார்க்கவும்’ என்று வந்து நிற்கிறது. எண் காட்டும் சரிபார்ப்புச் செயலி பழைய போனோடு போய்விட்டது. மாற்று எண்ணாகக் கொடுத்திருந்தது அப்பாவுடையது. அவரோ ரப்பர் பால் வெட்டப் போயிருக்கிறார். “பாஸ்வேர்டு சரியாத்தானே போட்ட மக்களே, பின்ன எதுக்கு விட மாட்டேங்குது?” என்று அம்மா கேட்பது நியாயமாகத்தான் படும்.

விடாததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் முதன்முறை லாகின் செய்யும்போது, சர்வர் உங்கள் பிரவுசரில் ‘குக்கி’ என்ற சிறு அடையாளக் குறிப்பைப் போட்டு வைக்கிறது. சில செயலிகள் போனுக்குள்ளேயே ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிப் பூட்டி வைக்கின்றன. அடுத்த முறை பாஸ்வேர்டோடு அதையும் பார்த்துத்தான் உள்ளே விடும். புது போனில் அது இருக்காது. குக்கிகளை அழித்துவிட்டாலோ, இன்காக்னிட்டோவில் திறந்தாலோ, தினமும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரே சர்வருக்குப் புது ஆளாகத் தெரியும். யூபிஐ செயலியைப் புது போனில் போட்டதும் அது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி சிம்மைச் சரிபார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்த இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள், கசிந்துபோன ஒரே ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு திருடர்கள் புகுந்தார்கள். அந்தப் பழைய கணக்குக்கு இரண்டாவது சரிபார்ப்பே இல்லை. பல நாட்கள் எரிபொருள் குழாய் நின்றது, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தது.

சரிபார்ப்பு இருந்தும் ஏமாந்த கதையும் உண்டு. 2022 செப்டம்பரில், ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் பாஸ்வேர்டு திருடன் கையில் சிக்கியது. அவன் திரும்பத் திரும்ப லாகின் செய்ய, பணியாளரின் போனுக்கு அனுமதி கேட்டு அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் திருடனால் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் ஒன்றுக்கு அந்தப் பணியாளர் சம்மதம் கொடுத்துவிட்டார். நிறுவனத்தின் உள் மென்பொருள்கள் பலவற்றுக்கு வழி திறந்துவிட்டது. பூட்டு நல்ல பூட்டுதான். கதவை உள்ளே இருந்தவரே திறந்துவிட்டார். இதைத் தடுக்கத்தான் மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல், வெறும் ‘ஆம்’ பட்டனுக்குப் பதிலாக, லாகின் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துச் செயலியில் அடிக்க வைக்கிறது.

ஆகவே சில பழக்கங்கள் அவசியம்.

நீங்கள் லாகின் செய்யாதபோது வரும் எந்த அனுமதிக் கேள்விக்கும் ‘ஆம்’ வேண்டாம். அது வந்தாலே உங்கள் பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். உடனே அதை மாற்றி, அலுவலக ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள்.

‘ஐடியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்’ என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மாறாக, நீங்கள் உதவி கேட்டு அழைக்கும்போது அவர்கள் வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள். கேள்வி கேட்காமல் திறந்துவிடுபவர் திருடனுக்கும் திறந்துவிடுவார்.

பழைய போனைக் கடையில் கொடுக்கும் முன், சரிபார்ப்புச் செயலியைப் புது போனுக்கு மாற்றி, ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். பிறகு கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து பழையதை நீக்கிவிட்டு, போனையும் முழுமையாக அழித்துக் கொடுங்கள்.

மீட்பு எண்கள் தரும் மென்பொருளாக இருந்தால், அவற்றைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால், போன் போகும்போது அதுவும் போய்விடும்.

பிரவுசிங் சென்டரிலோ நண்பர் வீட்டிலோ ‘இந்தச் சாதனத்தை நம்பு’ என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள்.

போன் தொலைந்தால் முதலில் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் முடியும். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

பூட்டையும் சாவியையும் நிறுவனங்கள் எவ்வளவோ பலப்படுத்திவிட்டன. ஆனால் கடைசி ‘ஆம்’ உங்கள் விரலில் இருக்கிறது. அழுத்தும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது லாகின் செய்தது நான்தானா?