எரிக்சனுக்குக் கிடைத்தது, எங்களூர்க்காரனுக்கு?

நான்கு வாரத்துக்குள் 453 கோடி ரூபாயைக் கட்டு, இல்லாவிட்டால் மூன்று மாதம் சிறை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தலைவர் அனில் அம்பானியிடம் சொன்னது. மார்ச்சில் பணம் வந்துவிட்டது. அண்ணன் முகேஷ் கைகொடுத்தார். அந்தக் கம்பெனிக்கு வேலை செய்த ஸ்வீடன் நாட்டு எரிக்சன் தன் பாக்கியை வாங்கிக்கொண்டது. சரி, வேலை செய்தவனுக்குக் கூலி வர வேண்டியதுதான். அதே ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் பங்கை ஓவர்டைம் காசிலும் போனஸ் காசிலும் வாங்கி வைத்த ஓசூர் சிப்காட் தொழிலாளி எந்த நீதிமன்றத்து வாசலில் போய் நிற்பான்? அவனுக்காக யாரை ஜெயிலில் போடுவார்கள்?

இந்த ஊருக்குப் பங்கு ஆசை சும்மா வரவில்லை. டைட்டன் கடிகாரம் இங்கேதான் ஓட ஆரம்பித்தது. டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் எங்கள் கண் முன்னால் வளர்ந்தவை. டைட்டன் பங்கை விற்காமல் வைத்திருந்தவர்கள் எங்கே போய்விட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் செல்போன் பங்குக்குப் போனார்கள். 2006 மார்ச்சில் சந்தைக்கு வந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு, 2008 ஜனவரியில் 800 ரூபாயைத் தாண்டியது. "இன்னும் ஏறும்ணே, விட்றாதீங்க" என்று சொல்ல அப்போது தெருவுக்கு ஒரு ஆள் இருந்தான்.

அடுத்து வயர்லெஸ் பிராட்பேண்ட். கம்பி வேண்டாம், குழி வேண்டாம், டாங்கிளைச் செருகினால் உலகம் வந்துவிடும் என்றார்கள். 2010-ல் 3ஜி ஏலத்தில் இந்தக் கம்பெனி சுமார் 8,585 கோடி கொடுத்து 13 தொலைத்தொடர்பு வட்டங்களுக்கு அலைக்கற்றை எடுத்தது. அந்த 13-ல் தமிழ்நாடு இல்லை. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கர்நாடகம், அதுவும் இல்லை. பங்கு வைத்திருந்தவன் ஊருக்கு அந்த அலைக்கற்றையில் ஒரு துளி வரவில்லை, அதற்கு வாங்கிய கடனின் பாரம் மட்டும் அவன் பங்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் அறிவிப்பு, அறிவிப்பு, அறிவிப்பு! 2013-ல் அண்ணனின் ஜியோவோடு கண்ணாடி இழை ஒப்பந்தம், பிறகு கோபுர ஒப்பந்தம். 2016-ல் 4ஜி. அதே ஆண்டு செப்டம்பரில் ஏர்செல்லோடு இணைப்பு. மறு ஆண்டு அக்டோபரில் அது முறிந்தது. (சில மாதத்தில் ஏர்செல்லே திவால் மனு போட்டது. நம்பரை மாற்ற ஊர் ஊராக அலைந்தோம். அதன் பங்கு சந்தையில் இல்லாமல் போனது நாங்கள் செய்த புண்ணியம்.) 2017 டிசம்பரில் ரிலையன்ஸின் குரல் அழைப்பே நின்றது. அந்த மாதக் கடைசியிலும் சொத்தையெல்லாம் ஜியோ வாங்கப்போகிறது என்றார்கள்; பங்கு துள்ளிக் குதித்தது. விட்டதைப் பிடிக்கலாமென்று மறுபடி காசு போட்டவர்கள் உண்டு. 2019-ல் அந்த விற்பனையும் இல்லையென்றாயிற்று. ஒவ்வொரு முறையும் செய்தி வந்தபோது வாங்கியவன் சின்னவன். செய்தி பொய்த்தபோது கேட்க நாதியில்லாதவனும் அவனே.

கம்பெனி திவாலானால் வழி சொல்வது 2016-ன் திவால் சட்டம், பிரிவு 53. சொத்தை விற்று வரும் காசில் யாருக்கு முதலில் என்று வரிசை போட்டிருக்கிறார்கள். நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, வங்கி, அரசு என்று போய், எல்லோரும் எழுந்த பிறகு கடைசி இலை சாதாரணப் பங்குதாரனுக்கு. லாபத்துக்குத் துணிந்தவன் கடைசியில் இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை ஆயிரம் கோடி கடன் வாங்கும்போது அவனை யார் கேட்டார்கள்? பொதுக்கூட்டம் மும்பையில். இரண்டாம் ஷிப்டை விட்டுவிட்டு அங்கே போய்க் கைதூக்க முடியுமா? மேலே ஏறும்போது நீயும் உரிமையாளன் என்றீர்களே, கணக்கைக் காட்டும்போது அந்த உரிமை எங்கே போயிற்று?

2020-ல் லண்டன் நீதிமன்றத்தில், கடனைக் கழித்தால் தன் சொத்து மதிப்பு பூஜ்யம் என்றார் அனில் அம்பானி. அதைச் சொல்ல அவருக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். எங்களூர்க்காரனின் பங்கு ஒன்றிரண்டு ரூபாய்க்கு இறங்கி டீமேட் கணக்கில் கிடக்கிறது. அந்தக் கணக்குக்கு வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் மறக்காமல் பிடித்துவந்தார்கள்.