காட்டமும் சுவையும்

இலக்கியப் பகுதியில் மதுவைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததை நான் மறந்துவிடவில்லை. ஆயினும் யவனர் மரக்கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. மூங்கிற் குழாயில் முதிர வைத்த தேறலைப் பத்துப்பாட்டு அறிந்திருக்கிறது. தேறல் என்ற சொல்லுக்கே தெளிந்தது என்று பொருள். குடியைப் போற்றுவது என் நோக்கமன்று. குடிப்பவர் எதைக் குடிக்கிறார், அதை எந்த அளவுகோலால் நல்லதென்று தீர்மானிக்கிறார் என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் அந்த அளவுகோல் பிழையானது என்பது என் அபிப்பிராயம்.

சில மாதங்களுக்கு முன் என் தமக்கையின் மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். வந்தவன் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமீது வைத்தான். கென்ரக்கி மாநிலத்துப் பேர்பன் விஸ்கி. சில பீப்பாய்களை மட்டும் தெரிந்தெடுத்துக் கலந்து, நீர் விட்டு இளக்காமல் அடைத்தது. “மாமா, இது 120 புரூஃப். பார்த்துக் குடியுங்கோ” என்றான். உட்துறைமுகத்தை நோக்கிய எங்கள் விறாந்தையில் அப்போது அயல்வீட்டு நண்பரும் இருந்தார். அவர் போத்தலின் எழுத்துக்களைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டியில் சிறிது ஊற்றச் சொல்லி, நெருப்புக்குச்சியைக் கிழித்து அதன்மேற் பிடித்தார். நீலச் சுவாலை எழுந்தது. “நல்ல சாமான்” என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்புத்தான் என்னை எழுதத் தூண்டியது.

நெருப்பு வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. புரூஃப் என்னும் சொல்லே அதிலிருந்து பிறந்ததென்பர். வெடிமருந்தின்மேற் சாராயத்தை ஊற்றித் தீ வைப்பார்கள். சாராயம் எரிந்து தீர்ந்தபின் மருந்தும் பற்றிக் கொண்டால் அது சோதனையில் தேறிய சரக்கு. பற்றாவிட்டால் நீர் கலந்தது. ஆங்கிலேயர் இதைப் பின்னர் மிதவைமானியால் அளந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கு மதுசாரம் கொண்டதை 100 புரூஃப் என்று வகுத்தனர். அமெரிக்கரின் கணக்கு வேறு: மதுசாரத்தின் சதவீதத்தை இரட்டித்தால் அவர்களுடைய புரூஃப். மருமகன் கொணர்ந்தது 60 சதவீதம். பழைய பிரித்தானியக் கணக்கில் 105 புரூஃப். பெயர் ஒன்றாயிருக்க அளவு இரண்டாயிருப்பதைத் தராசு பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் துறைமுகத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பழக்கமானதே. 1957 வரை இங்கு பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. அக்கடற்படை தன் மாலுமிகளுக்கு நாள்தோறும் றம் வழங்கி வந்தது. ஒருவருக்கு ஒரு பைன்ற்றில் எட்டிலொரு பங்கு, ஏறக்குறைய 71 மில்லிலீற்றர். பலம் 54 சதவீதத்துக்குச் சற்று மேல். இளையோருக்கு நீர் கலந்தும், மூத்தோருக்குக் கலவாமலும் கொடுத்தார்கள். அந்த வழக்கம் 1970 ஜூலை 31ஆம் தேதியுடன் முடிந்தது. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தகப்பனார் அந்த றம்மின் வாசனையைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுவையைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. துறைமுகத்தினுள்ளே பவுடர் தீவு என்று ஒன்றும், சோபர் தீவு என்று இன்னொன்றும் இருக்கின்றன. முன்னதன் பெயர் வெடிமருந்தைக் குறிப்பது; பின்னது ஆங்கிலத்தில் மதி மயங்காதவனைக் குறிக்கும் சொல். பெயர் வைத்தவன் எதை நினைத்து வைத்தானோ, எனக்கு அது ஒரு நல்ல நகைச்சுவையாகவே படுகிறது.

நண்பரின் சோதனைக்கு வருவோம். கரண்டியில் எரிந்த தீ எதைச் சொல்லிற்று? மதுசாரம் மிகுதி என்பதை மட்டுமே சொல்லிற்று. என்ன மதுசாரம், எதிலிருந்து வந்தது, எப்படி வடிக்கப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. உயிரைக் குடிக்கும் மெதனோலும் நீலமாகவே எரியும். 2024 ஜூன் மாதம் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து மாண்டார்கள். காட்டமே தரம் என்று நம்பும் ஏழையின் நாக்கைத்தான் கள்ளச் சாராயக்காரன் மூலதனமாகக் கொள்கிறான். கசிப்பு விற்பவனும் தீ வைத்துக் காட்டியே விற்கிறான் என்பதை நம் பக்கத்துக் கிராமங்களில் அறியாதவர் யார்?

ஆகவே அன்று மாலை வேறொரு சோதனை செய்து பார்ப்பதென்று தீர்மானித்தேன். மூன்று சிறு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் பேர்பன், இரண்டாவதில் தென்னங் கள்ளிலிருந்து மட்டுமே வடித்துச் சில ஆண்டுகள் முதிர வைத்த சாராயம், மூன்றாவதில் தவறணைகளில் மலிவாக ஓடும் கலப்புச் சாராயம். நம் நாட்டுச் சாராயங்கள் பெரும்பாலும் 33 முதல் 37 சதவீதம் வரை நீர் விட்டே விற்கப்படுகின்றன. அறுபதை முப்பத்தாறோடு மோதவிட்டால் அது நியாயமான பந்தயமாகாது. உரத்துப் பேசுகிறவனே வெல்வான். 30 மில்லிலீற்றர் பேர்பனுக்கு 20 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் அதுவும் ஏறத்தாழ 36 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்கு முன் நீர் விடாமலும் ஒரு துளி பார்த்தோம்.

நீர் விடாத பேர்பனை மூக்கருகே கொண்டுசெல்லும்போது வாயைச் சற்றுத் திறந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் மூக்கு எரிந்து, பின் அரைமணி நேரம் எதையும் உணராது. நாவில் ஒரு துளி விட்டதும் முதலில் தெரிந்தது தீ. தீ அடங்கியபின் கருகிய சர்க்கரை, வனிலா, புதிதாக இழைத்த பலகை, எங்கோ ஒரு கறுவாப்பட்டை. நீர் சேர்த்ததும் இவை மறைந்துவிடும் என்றே நண்பர் எதிர்பார்த்தார். மாறாக அவை விரிந்தன. புகை மணம் முன்னிலும் தெளிவாயிற்று. இதற்கு விஞ்ஞானமும் ஓரளவு விளக்கம் தருகிறது. 2017இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயகோல் என்ற பொருள், மதுசாரம் 59 சதவீதத்துக்கு மேற்பட்டால் திரவத்தின் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது என்றும், நீர் விட்டு இளக்கினால் மேற்பரப்புக்கு வருகிறது என்றும் கணினிக் கணக்கீட்டினால் காட்டினர். நீர் விட்டால் கெட்டது என்று கூறும் வீரர்கள் இதைச் சிந்திக்கலாம்.

பேர்பனின் சுவையில் பெரும்பங்கு பீப்பாயிலிருந்து வருகிறது. அமெரிக்கச் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. தானியக் கலவையில் சோளம் 51 சதவீதத்துக்குக் குறையலாகாது. உட்புறம் கரித்த புதிய ஓக் மரக்கலத்திலேயே முதிர வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மீண்டும் பேர்பனுக்கு உதவாது. பீப்பாயில் விடும்போது 125 புரூஃபுக்கு மேற்படலாகாது. கென்ரக்கியின் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து மதுசாரத்தைவிட நீர் விரைவாக ஆவியாவதால் சரக்கின் பலம் ஆண்டுதோறும் ஏறுவதும் உண்டு. 1964இல் அந்நாட்டுப் பேரவை பேர்பனைத் தம் தேசத்துக்கே உரிய தனிப்பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆனால் போத்தலில் ‘சிறு தொகுதி’ என்று அச்சிடுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் இலக்கணம் கிடையாது. எத்தனை பீப்பாய் வரை சிறிது என்பதை விற்பவனே தீர்மானிக்கிறான். அமெரிக்கனுக்கும் ஒரு பொய் வேண்டியிருக்கிறது!

இரண்டாவது கிண்ணம் நம்முடையது. பேர்பனுக்கு முன்னே இதை வைத்தால் முதலில் மெலிந்ததாகவே தோன்றும். பொறுமையாக இருந்தால் தென்னம்பாளையின் மணமும், தேனைப்போன்ற ஓர் இனிமையும், இளநீரின் உவர்ப்பும் மெல்ல வரும். காரணம் எளிது. சோளத்தை வேகவைத்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, பின் புளிக்கவைத்து அமெரிக்கன் அடைவதை, தென்னை தன் பாளையிலேயே ஆயத்தமாக வைத்திருக்கிறது. பதநீர் முட்டியில் வடியும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். களுத்துறைப் பக்கத்தில் சீவல் தொழிலாளர் ஒரு மரத்திலிருந்து இறங்காமலே, உச்சிகளுக்கிடையே கட்டிய கயிற்றின்மேல் நடந்து அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். அவ்வளவு உயரத்தில் உயிரைப் பணயம் வைத்து எடுத்த சரக்கு இது. வடக்கிலே பனை ஏறியவனைக் கிணற்றடிக்கு வரவிடாது நிறுத்தி, அவன் இறக்கிய கள்ளை மட்டும் வாங்கிக் குடித்த சமூகம் நாம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இச்சாராயத்தை முதிர வைக்கும் மரத்தில்தான் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சவண்டலை என்றும் வழங்கும் அம்மரத்தை, பழைய மர வியாபாரிகள் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். இத்துறையிலிருந்து ஏற்றுமதியாகிச் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அது உதவிற்று. அதே மரத்தாற் செய்த பெருங்கலங்களில் இன்றும் தென்னஞ் சாராயம் முதிர்கிறது. கரித்த ஓக்கைப்போல அது உரத்துப் பேசும் மரமன்று. உள்ளே விட்ட பொருளைப் பெரும்பாலும் அப்படியே பேசவிடுகிறது. விஸ்கிக்குப் பழகிய நாக்கு, மரச்சுவை இல்லையே என்று நம் சாராயத்தைத் தாழ்த்துவது, வீணையைக் கேட்டுவிட்டு முரசின் ஓசை இல்லையே என்று குறைப்படுவதை ஒக்கும்.

இதனால் நம் சாராயம் உயர்ந்தது, பேர்பன் தாழ்ந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைய மூன்றில் மிகக் கவனமாகச் செய்யப்பட்டது பேர்பனே. மிக நல்ல மூலப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதை நீரிலும் கலப்பிலும் கரைத்துவிடுகிறவர்கள் நாம்.

அந்தக் கலப்பே மூன்றாவது கிண்ணம். சீனி ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த, நிறமும் மணமுமற்ற மதுசாரத்தோடு தென்னஞ் சாராயத்தைச் சிறு பங்கு சேர்த்து, நிறமூட்டி விற்கிறார்கள். விலை குறைய வேண்டும், கள்ளும் போதாது என்பது அவர்கள் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. கூலிவேலை முடிந்து வருகிறவன் முதிர்ந்த சாராயத்தின் விலையைக் கொடுக்க இயலாது என்பதும் உண்மை. ஆனால் வாங்குகிறவனுக்கு அதைச் சொல்லிவிட வேண்டாமா? பலத்தைச் சதவீதத்தில் அச்சிடத் தெரிந்தவர்களுக்குத் தென்னையின் பங்கைச் சதவீதத்தில் அச்சிடுவது பெரிய காரியமா? கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றுத் தந்த நாடு, தன் சாராயப் போத்தலில் உண்மையை எழுதவைக்க முடியாதா? அத்தோடு, ஓரிரு வடிசாலைகளாவது, ஹல்மில்லக் கலத்திலிருந்து எடுத்ததை நீர் விடாமல் அதே பலத்தில் அடைத்துத் தர முன்வரலாம். குடிக்கிறவனை மயக்குவதற்கன்று, வேண்டிய அளவு நீரை அவனே தன் கையால் விட்டு, எது எஞ்சுகிறது என்று பார்ப்பதற்காக.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். “நீர் வாத்தியார், உமக்குப் பேச்சுக்குக் குறைவா?” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். சுவை பார்ப்பவர்கள் வெறுங் கிண்ணத்தை மறுநாள் முகர்ந்து பார்ப்பதுண்டு என்று மருமகன் சொன்னதால், கிண்ணங்களை அன்றிரவு கழுவாமல் விறாந்தையிலேயே வைத்தோம்.

காலையில் நண்பர் பத்திரிகை வாங்க வந்தபோது அவரையே முகரச் சொன்னேன். முதற் கிண்ணத்தில் கருகிய மரமும் வெல்லமும். இரண்டாவதில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற பாளைப் பூ. மூன்றாவதை அவர் இருமுறை முகர்ந்தார். பின் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “இதை ஆரோ கழுவிப்போட்டாங்கள் போல” என்றார்.

ஒருவரும் கழுவவில்லை.