விட்டதைப் பிடிக்கும் வெறி

சீட்டாட்டத்தைப் பற்றி நமது சங்க இதழில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். யாரையும் ஆடச் சொல்லி இதை எழுதவில்லை. பணம் வைத்து ஆடுவது குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறார். ஆனால் அமெரிக்காவில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள், தோற்ற பிறகு மனத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்பதை ஒரு பாடமாகவே படிக்கிறார்கள். அந்தப் பாடம் அவர்களை விட நமக்குத்தான் அதிகம் தேவை என்பது என் கருத்து.

ரம்மி தெரிந்தவர்களுக்குப் போக்கர் எளிதில் புரியும். இன்று அதிகம் ஆடப்படும் முறையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, கையில் மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, படிப்படியாகத் திறக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்ட வேண்டும். கை சரியில்லை என்று தெரிந்தால், கட்டியது போகட்டும் என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக் கொள்ளலாம். கைக்கு வரும் இரண்டு சீட்டில் மிக உயர்ந்தது இரண்டு ஏஸ். சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவைதான் அது வரும். எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் முன்னால் உள்ள பணம் முழுவதையும் நடுவில் தள்ளி விட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏஸ் வைத்திருப்பவர் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தடவை ஜெயிப்பார், ஒரு தடவை தோற்பார். அதாவது எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தோற்பார்.

இந்தத் தோல்வியால் நல்ல ஆட்டக்காரன் அழிவதில்லை. அழிவு அடுத்த அரைமணி நேரத்தில் வருகிறது. "இது அநியாயம்" என்ற கொதிப்பிலேயே அடுத்த சீட்டை எடுக்கிறான். கவிழ்க்க வேண்டிய குப்பைக் கையை வைத்துக் கொண்டு பந்தயத்தை ஏற்றுகிறான். போனதை ஒரே ஆட்டத்தில் மீட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறான். இந்த நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டில்ட். பின்பால் என்ற காசு போட்டு ஆடும் இயந்திரத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஆத்திரத்தில் அந்த இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் அது செயலிழந்து, கைவசம் இருந்த பந்தும் போய்விடும். நம் பக்கத்தில் இதற்குப் பழைய பெயரே உண்டு: விட்டதைப் பிடிப்பது. தருமரும் விட்டதைப் பிடிக்கத்தான் நாட்டுக்குப் பின் தம்பிமாரையும், தம்பிமாருக்குப் பின் தன்னையும், கடைசியில் பாஞ்சாலியையும் வைத்தார்.

மனிதனின் இந்தக் குணத்தைப் படிப்பாளிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கானமன், ஏமஸ் ட்வர்ஸ்கி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட கட்டுரை பெயர் பெற்றது. லாபத்தில் இருக்கும்போது கைக்கு வந்தது போதும் என்று பதுங்கும் மனிதன், நஷ்டத்தில் இருக்கும்போது கணக்கை நேராக்கி விடலாம் என்ற ஆசையில் பெரிய ஆபத்திலும் துணிந்து இறங்குகிறான் என்று காட்டினார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் மண்டித் தெருவில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஜாரட் டெண்ட்லர் என்பவர் போக்கர் ஆட்டக்காரர்களின் மனப் பயிற்சி பற்றி 2011-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். டில்ட் என்பதை ஒரே நோயாகப் பார்க்காமல் பல வகையாகப் பிரிக்கிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற அநியாயக் கோபம் ஒன்று. என்னைத் தோற்கடித்தவனைச் சும்மா விடக் கூடாது என்ற பழிவாங்கும் கோபம் ஒன்று. எப்படியாவது மீட்டே தீர வேண்டும் என்ற தவிப்பு ஒன்று. இன்னும் சில உண்டு. இந்த மூன்றும் நம் கடைகளில் உட்கார்ந்திருப்பதால் இவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தவிப்பு. ஒரு சில்லறைக் கடைக்காரர் 80,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். மூன்று மாதமாக வரவில்லை. கேட்டால், "அண்ணாச்சி, கடையில் சரக்கே இல்லை. சரக்கு இருந்தால்தானே யாவாரம் ஓடும், பாக்கியைத் தர முடியும்? இன்னும் ஒரு நாற்பதுக்குச் சரக்கு அனுப்புங்கள்" என்கிறார். மொத்த வியாபாரி அனுப்புகிறார். ஏன்? அந்தக் கடைக்காரர் மீது நம்பிக்கை வைத்தா? இல்லை. 80,000 போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இதே ஆள் புதிதாக வந்து முதல் தடவையாக 40,000-க்குக் கடன் கேட்டால் கொடுப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். போக்கரில் இதற்கு ஒரு விதி உண்டு. நடுவில் போட்ட பணம் இனி உன்னுடையது அல்ல. அதைக் காப்பாற்றப் புதுப்பணம் போடாதே, இப்போது கையிலுள்ள சீட்டு இப்போது கேட்கும் பந்தயத்துக்குத் தகுமா என்று மட்டும் பார். நம்மில் பலர் கடையை மூடியதற்குக் காரணம் முதல் 80,000 அல்ல, அதைப் பிடிக்கப் போன பின்னால் தொகைகள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 80,000 இழந்தவர் ஒரு வருஷத்தில் எழுந்துவிடுவார். ஒரே கடையில் நாலு லட்சம் மாட்டியவர் எழுவது கடினம்.

அடுத்தது பழிவாங்கும் கோபம். எதிர்க்கடையில் சீனி கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் பலகை எழுதி வைத்தார்கள் என்றால், இவர் இரண்டு ரூபாய் குறைக்கிறார். அவர் மூன்று. அடக்க விலைக்கும் கீழே இரண்டு கடையும் போட்டி போட்டு விற்கும்போது தெருவில் உள்ள வாடிக்கையாளர்களுக்குக் கொண்டாட்டம். கணக்குப் போட்டு, ஒரு பொருளில் விட்டு மற்றதில் எடுப்பது வியாபாரத் தந்திரம். அதை நான் குறை சொல்லவில்லை. அவன் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும் என்று விலையைக் குறைப்பது தந்திரமல்ல.

அநியாயக் கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாய் வரை போனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். மத்திய அரசு இருப்பு வரம்பைக் கடுமையாக்கியது. அடுத்து 2016-17 பருவத்தில் துவரை அமோகமாக விளைந்து, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அரசு அறிவித்த ஆதார விலைக்கும் கீழே பல சந்தைகளில் விற்றது. உயர்ந்த விலையில் வாங்கியவர்கள் எல்லோரும் முட்டாள்களா? பதினைந்து நாள் விற்பனைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, அதில் நஷ்டப்பட்டவர் இரண்டு ஏஸ் வைத்துத் தோற்றவர். அவர் செய்தது சரி. விலை இறங்க இறங்க, சராசரி அடக்கத்தைக் குறைக்கிறேன் என்று கிட்டங்கியை நிரப்பியவர்தான் டில்ட் அடித்தவர். பேரேட்டில் இரண்டும் நஷ்டம் என்றே எழுதப்படும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஆனி டியூக் என்ற அம்மையார் மனோதத்துவம் படித்தவர், 2004-ல் உலகப் போக்கர் போட்டித் தொடரில் ஓர் ஆட்டத்தில் பட்டம் வென்றவர். 2018-ல் வெளிவந்த தம்முடைய புத்தகத்தில், முடிவு நல்லதா கெட்டதா என்பதை விளைவை வைத்து அளக்கும் பழக்கம்தான் எல்லாத் தவறுகளுக்கும் வாசல் என்று அடித்துச் சொல்கிறார். அப்போது தெரிந்த விவரத்தை வைத்து எடுத்த முடிவு சரியா என்பதுதான் கேள்வி. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கண்ணை மூடிக் கொண்டு வாங்கிய மிளகு ஏறிவிட்டால் நாம் கெட்டிக்காரர் ஆகிவிடுவதில்லை. ஜெயித்த மப்பில் வரும் டில்ட்டும் உண்டு. அதை யாரும் கண்டிப்பதில்லை, சால்வை போர்த்துகிறார்கள்.

எரிக் சீடல் என்ற பழம்பெரும் ஆட்டக்காரரிடம் மரியா கொன்னிகோவா என்ற எழுத்தாளர் போக்கர் கற்றுக் கொண்ட கதையை 2020-ல் புத்தகமாக எழுதினார். நல்ல சீட்டு வந்தும் தோற்ற கதையைச் சொல்லிப் புலம்ப வந்தால் சீடல் காது கொடுப்பதில்லையாம். எந்தத் தருணத்தில் என்ன நினைத்து என்ன செய்தாய் என்று கேட்டால் மட்டும் பேசுவாராம். நமது மாதாந்திரக் கூட்டங்களில் டீ குடிக்கும் நேரத்துப் பேச்சை நினைத்துப் பார்க்கிறேன். அரசாங்கம் கெடுத்தது, பெரிய அங்காடிக்காரன் கெடுத்தான், தரகன் கெடுத்தான். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் புலம்பலில் அடுத்த கொள்முதலுக்கு உதவும் ஒரு வரி உண்டா?

கோபமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பில் ஹெல்முத் என்பவர் 1989-ல் 24-வது வயதில் உலகப் போட்டியின் முக்கிய ஆட்டத்தை வென்றவர். தோற்றால் மேஜையில் குழந்தை போலக் கத்துவதற்குப் பெயர் போனவர். ஆனாலும் அந்தத் தொடரில் அவரை விட அதிகப் பட்டம் வென்றவர் கிடையாது, 2023 வரை 17. வாய்தான் கோபப்படுகிறது, பணம் வைக்கும் கை கோபப்படுவதில்லை என்று நான் எடுத்துக் கொள்கிறேன். நேர்மாறாக ஸ்டூ உங்கர். 1980, 1981, 1997 என்று மூன்று முறை அதே பட்டத்தை வென்ற மேதை, அமெரிக்க ரம்மியிலும் அவருக்கு இணை கிடையாது என்பார்கள். மேஜையில் சம்பாதித்ததை வெளியே பந்தயத்திலும் போதையிலும் விட்டு, 1998-ல் 45 வயதில் லாஸ் வேகாஸில் ஒரு சாதாரண விடுதி அறையில் இறந்து கிடந்தார். திறமை மட்டும் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இவரைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும். செல்போனில் ஆடும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருந்தாலும், அந்த வெறி சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை.

அதற்கு முன்பு தமிழக அரசு 2025 பிப்ரவரியில் கொண்டு வந்த விதிகளில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்றது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. அதே ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. தோற்றவன் தூங்காமல் எடுக்கும் முடிவு அவனுடைய முடிவே அல்ல என்பதை ஒரு சர்க்கார் விதி ஒப்புக் கொண்டது சின்ன விஷயமல்ல.

தொழில் ஆட்டக்காரர்கள் இன்று இவ்வளவு தோற்றால் எழுந்து விடுவேன் என்று உட்காருமுன்பே ஒரு தொகையை முடிவு செய்கிறார்கள். கொதிக்கும்போது எல்லை போட முடியாது, குளிர்ந்திருக்கும்போதுதான் போட முடியும். எங்கள் கடையில் ஒவ்வொரு பற்று வரவுக் கணக்கின் தலைப்பிலும் சிவப்பு மையில் ஒரு தொகை எழுதி வைத்திருக்கிறோம். அதைத் தாண்டிச் சரக்கு அனுப்ப முதலாளி கையெழுத்துப் போட்டாலும் கணக்கப்பிள்ளை அன்று அனுப்பக் கூடாது, மறுநாள் காலையில் மீண்டும் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. அதே போல் இரவு எட்டு மணிக்கு மேல் தரகரோடு போனில் கொள்முதல் பேசுவதில்லை. போன மாதம் என் மகன் கொடுத்த ஒரு சிட்டையைக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார். தம்பிக்கு இரண்டு நாள் அவர் மீது வருத்தம். அந்த மூட்டைகள் இன்னும் எங்கள் கிட்டங்கியில்தான் இருக்கின்றன.