தும்பா கோயில் சொல்லும் பாடம்

திருவனந்தபுரத்துக்கு அருகே கடலோரத்தில் உள்ள தும்பா, ஒரு காலத்தில் தென்னையும் மணலும் வலையுமாக இருந்த மீனவர் ஊர். 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாயும் சக விஞ்ஞானிகளும் அவ்வூரைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்கிறது. அக்கோட்டுக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய வேண்டுமானால் பலூன் போதாது, ராக்கெட்தான் வேண்டும்.

தேர்ந்தெடுத்த நிலத்திலோ மகதலேனா மரியாள் கோயிலும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. சட்டத்தைக் காட்டி அவற்றை எடுத்துக்கொள்வது சர்க்காருக்குப் பெரிய காரியமல்ல. ஆனால், சாராபாய் மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்ட் பெரைராவை நேரில் சந்தித்தார். மேற்றிராணியாரோ ஞாயிறு பூசையில் ஊராரிடமே கேட்டார், ஊரார் இசைந்தனர். ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய முதல் ஆய்வுக்கூடமே அங்கிருந்த ஜெப அறைதான்.

1963 நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், கோயில் கட்டடத்திலேயே பூட்டப்பட்டது. அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி அது. பிறகு ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. புதுக் கட்டடங்கள் எழுந்தன. பழையது எதற்கு என்று கோயிலை யாரும் இடிக்கவில்லை. இன்று அது விண்வெளி மியூஸியம்.

கட்டடம் பிழைத்தது நல்லதே. ஆனால், பாராட்டு கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது. ஊராருக்குப் பள்ளித்துறையில் வேறு கோயில் கிடைத்தது என்பது உண்மை. என்றாலும், கடலை நம்பிப் பிழைப்பவன் கரையில் உள்ள தன் குடிசையை விட்டுப் போவது குமாஸ்தா டிரான்ஸ்பரில் போவது போலன்று. பிழைப்புக்காகச் சொந்த ஊரைப் பிரிந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துறைமுகம், தொழிற்சாலை, நெடுஞ்சாலை என்று இன்றும் நிலம் எடுக்கப்படுகிறது. நஷ்டஈட்டுத் தொகையை நோட்டீசில் அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று அதிகாரிகள் எண்ணுவது தவறு. முதலில் ஊராரைக் கேட்க வேண்டும். வழிபடவும் படிக்கவும் மாற்றிடம் தந்த பிறகே பழைய இடத்தில் கை வைக்க வேண்டும்.

திருவனந்தபுரத்துத் தமிழர்கள் பிள்ளைகளை அந்த மியூஸியத்துக்கு அழைத்துச் செல்லும்போது ராக்கெட்டை மட்டும் காட்டினால் போதாது. அந்தக் கூரையின் கீழ் முன்பு மண்டியிட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் மனமுவந்து கொடுத்த இடத்திலிருந்துதான் பாரதத்தின் விண்வெளிப் பயணம் தொடங்கியது.